வளவிலிருந்து வானம்: நிலவையும் கோள்களையும் கண்ணால் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டில் திருக்கார்த்திகை முடிந்த இருபத்தோராம் நாள் பிள்ளையார் நோன்பு. கார்த்திகையன்று தொடங்கி நாளுக்கு ஒன்றாக எடுத்துச் சேர்த்த 21 நூலிழைகளைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாங்கி உண்பதை நகரத்தார் வீடுகளில் 'இழை எடுத்துக்கொள்வது' என்பார்கள். அந்த நாளுக்கு இரண்டு அடையாளம் உண்டு. திதி வளர்பிறைச் சஷ்டி, நட்சத்திரம் சதயம். இந்த இரண்டும் எப்படி வருடந்தவறாமல் ஒன்றாக வந்து சேர்கின்றன என்று சிறுவயதில் வியந்திருக்கிறேன். வளர்ந்தபின் ஒரு நாள் காகிதத்தில் எண்ணிப் பார்த்தேன். திருக்கார்த்திகை என்பது கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டி வரும் பௌர்ணமி. பௌர்ணமியிலிருந்து அமாவாசைக்குப் 15 திதி, அங்கிருந்து சஷ்டிக்கு 6, ஆக 21. நட்சத்திர வரிசையில் கார்த்திகை மூன்றாவது, சதயம் இருபத்து நான்காவது. இடைவெளி அதே 21. நிலவு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு திதியும் ஒரு நட்சத்திரமும் நகர்வதால் இரண்டு கணக்கும் ஒரே மாலையில் சந்திக்கின்றன.

வானியலின் முதல் பாடம் முழுவதும் இந்த ஒரு கணக்குக்குள் இருக்கிறது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டி, தலைமுறை தலைமுறையாக யாரோ வானத்தைப் பார்த்துக் குறித்து வைத்ததன் சுருக்கம். அதில் அச்சிட்டிருப்பதை நம் கண்ணால் சரிபார்ப்பதுதான் இந்த வழிகாட்டி சொல்லித்தரும் முறை. முதல் மூன்று மாதங்களுக்குத் தொலைநோக்கி வேண்டாம். நோட்டுப் புத்தகம், பென்சில், நாட்காட்டி, மொட்டைமாடி ஆகிய நான்கும் போதும்.

தொடங்கும் முன்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் தொடங்குங்கள். தை முதல் பங்குனி வரை இங்கு வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். காரைக்குடி, தேவகோட்டை போன்ற ஊர்களின் தெருவிளக்குகளிலிருந்து சிறிது விலகினாலே போதிய இருட்டு கிடைக்கும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி போன்ற ஊர்களில் வீட்டு மாடியே போதும். கண்மாய்க் கரைக்குப் போவதானால் துணையோடு போங்கள். தரையில் விளக்கடித்துப் பாம்பு பார்த்து உட்காருங்கள். கைவிளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெடாது. கண் முழுவதும் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். அதற்குள் ஒருமுறை கைபேசித் திரையைப் பார்த்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

அளப்பதற்குக் கையே கருவி. கையை முழுதாக நீட்டி மடக்கிய முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. சுண்டுவிரலின் அகலம் 1 பாகை. பெரியவருக்குக் கை நீளம், விரலும் தடிமன். குழந்தைக்குக் கை குட்டை, விரலும் மெல்லியது. ஆகவே இந்த அளவு எல்லோருக்கும் ஓரளவு பொருந்திவிடுகிறது. முழுநிலவின் அகலம் அரைப் பாகை மட்டுமே. கிழக்கில் எழும்போது அண்டாவைப் போல் பெரிதாகத் தெரியும் பௌர்ணமி நிலவைச் சுண்டுவிரல் நீட்டி மறைத்துப் பாருங்கள், முழுதும் மறைந்துவிடும். நள்ளிரவில் உச்சியில் சிறிதாகத் தெரியும்போது மறுபடி மறைத்துப் பாருங்கள். அளவு மாறவில்லை, நம் கண்தான் அடிவானத்தில் ஏமாறுகிறது என்பது விளங்கும்.

முதல் படி: நம் ஊர் எங்கே இருக்கிறது

காரைக்குடி வடக்கு அட்சரேகை 10 பாகைக்கு மிக அருகில் உள்ளது. இந்த ஒரு எண்ணிலிருந்து பல செய்திகள் பிறக்கின்றன. துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்துக்கு மேல் 10 பாகையில், அதாவது ஒரு முட்டி உயரத்தில்தான் நிற்கும். பனைமரமோ மூட்டமோ இருந்தால் கண்ணில் படாது. வடநாட்டுக்காரருக்கு வாய்த்த இந்த நட்சத்திரம் நமக்கு அவ்வளவாக உதவாது. அதற்கு ஈடாகத் தெற்கு வானம் நமக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. அகத்திய நட்சத்திரம் மாசி மாலைகளில் தெற்கே நன்றாகத் தெரியும். திரிசங்கு என்னும் தென்சிலுவை மே மாத நடுவில் இரவு ஒன்பது மணியளவில் தெற்கில் இரண்டு முட்டி உயரத்தில் நேராக நிற்கும். ஐரோப்பாவில் இருப்பவர் அதைப் பார்க்கக் கடல் கடந்து வர வேண்டும்.

அடுத்தது நிழலில்லா நாள். சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாளில், ஏப்ரல் 16-ஐ ஒட்டியும், பிறகு ஆகஸ்ட் 27-ஐ ஒட்டியும், சூரியன் நண்பகலில் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. வளவின் (செட்டிநாட்டு வீட்டில் தூண்கள் சூழ்ந்த உள்கட்டு) திறந்த முற்றத்தில், தளம் மட்டமாக உள்ள இடமாகப் பார்த்து ஓர் உலக்கையை நிறுத்துங்கள். பூண் போட்ட அதன் அடி தட்டையாக இருப்பதால் கொஞ்சம் பொறுமையோடு நிறுத்தினால் தானாகவே நிற்கும். கொத்தனாரின் தூக்குக்குண்டை அருகில் பிடித்து நேராக நிற்கிறதா என்று சரிபாருங்கள். பதினொன்றரை மணியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்கட்டியால் புள்ளி வையுங்கள். நிழல் குறுகிக் குறுகி அடியை நோக்கி வந்து, பூணுக்குள் புகுந்துகொண்டதுபோல் மறைந்துவிடும். அப்போது கடிகாரத்தைப் பாருங்கள். மணி பன்னிரண்டு இருக்காது, சுமார் 12.15 இருக்கும். இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகைக்கு உரியது, நாம் 78.8 பாகைக்கு அருகில் இருக்கிறோம். பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் நமக்கு ஏறத்தாழ 15 நிமிடம் பிந்தித்தான் உச்சிவேளை வரும். சாக்கட்டிப் புள்ளிகளை இணைத்தால் கிழமேற்குக் கோடும் கிடைத்துவிடும். முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்க்கோட்டில் போகும் உங்கள் வீடு கிழமேற்கிலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறது என்று அதை வைத்தே அளந்துவிடலாம்.

வளவு இன்னொன்றுக்கும் பயன்படும். இரவில் ஒரு தூணில் முதுகைச் சாய்த்து, தலையை அசைக்காமல், எதிர்க்கூரையின் விளிம்பில் ஒரு நட்சத்திரம் மறையும் நொடியைக் குறியுங்கள். மறுநாள் அதே தூண், அதே விளிம்பு, அதே நட்சத்திரம். நான்கு நிமிடம் முன்னதாகவே மறைந்துவிடும். ஒரு மாதத்தில் அது இரண்டு மணி நேரமாகும். தை மாதத்து வானமும் ஆடி மாதத்து வானமும் வேறாக இருப்பது இந்த நான்கு நிமிடத்தால்தான். பூமி சூரியனைச் சுற்றுவதன் அன்றாட அடையாளம் இது.

இரண்டாம் படி: நிலவோடு ஒரு மாதம்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். ஒரு முழு மாதம் இதற்கே கொடுங்கள். மற்ற எல்லாமே இதன்மேல்தான் நிற்கின்றன.

அமாவாசை கழிந்த இரண்டாம் நாள் அல்லது மூன்றாம் நாள் மாலை, சூரியன் மறைந்து அரைமணி நேரம் கழித்து மேற்கே பாருங்கள். மூன்றாம் பிறை தெரியும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பிறை பெரும்பாலும் தோணிபோல் படுத்திருக்கும். வடக்கே தூர நாடுகளில் அது நிமிர்ந்து நிற்கும். பிறையின் மடியில் இருண்ட மீதி வட்டமும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிகிறதா என்று கவனியுங்கள். சூரிய ஒளி பூமியில் பட்டு, பூமியிலிருந்து தெறித்து நிலவுக்குப் போய், மறுபடி நம் கண்ணுக்குத் திரும்பி வந்த வெளிச்சம் அது.

அன்றிலிருந்து தினமும் இரவு ஏழு மணிக்கு, மாடியில் அதே இடத்தில் நின்று, நோட்டில் மூன்றைக் குறியுங்கள்: நிலவின் வடிவம், அடிவானத்திலிருந்து அதன் உயரம் எத்தனை முட்டி, அருகில் இருந்த நட்சத்திரம். நாளுக்கு ஒரு முட்டியும் இன்னும் சில விரலுமாக நிலவு கிழக்கு நோக்கி விலகிக்கொண்டே போவதைக் காண்பீர்கள். கணக்கில் அது சராசரி 13 பாகை. அஷ்டமியில் மாலை விளக்கேற்றும் வேளைக்கு உச்சியை ஒட்டி நிற்கும் நிலவு, பௌர்ணமியன்று சூரியன் மேற்கில் விழும்போது கிழக்கில் எழும். அதன்பின் ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் பிந்தி உதிக்கும் என்பதால் ஏழு மணிக்குக் கிடைக்காது. உங்கள் நேரத்தைக் காலை ஐந்து மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்களில் காலை ஒன்பது மணிக்கும் மேற்கு வானில் வெள்ளை நிலவு நிற்கும். நிலவு இரவுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் அன்றோடு போய்விடும்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடப்பவர்கள் இதைக் காலால் அறிந்தவர்கள். பூசத்துக்கு முந்தைய நாட்களில் நடப்பதால் வளர்பிறையே வழித்துணை. முதல் நாட்களில் நடு இரவோடு கைவிடும் வெளிச்சம், நாளாக நாளாக இரவில் கூடுதல் நேரம் துணை வந்து, பூசத்தை நெருங்கும்போது இரவு முழுவதும் நிற்கும்.

இனி, பிறை ஏன் வளர்ந்து தேய்கிறது? பூமியின் நிழல் நிலவின்மேல் விழுவதால் என்று படித்தவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. ஓர் எலுமிச்சம்பழம் போதும் இதைத் தெளிவுபடுத்த. வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய நாளில் மாலை நான்கரை மணிக்கு மாடிக்குப் போங்கள். மேற்கே சூரியன் இருக்கும். கிழக்கு வானில் அரைநிலவு உயர்ந்து வந்திருக்கும். பழத்தை விரல் நுனியில் பிடித்து, கையை நிலவின் பக்கம் நீட்டி, நிலவுக்குப் பக்கத்தில் பழம் தெரியும்படி ஒரு கண்ணால் பாருங்கள். வெயில் பட்ட பகுதியும் நிழலான பகுதியும் நிலவில் எப்படியோ அப்படியே பழத்திலும் இருக்கும். வெளிச்சத்தையும் நிழலையும் பிரிக்கும் பிரிகோட்டின் சாய்வுகூட மாறாது. பழத்தின் பாதி எப்போதும் வெயிலில்தான் இருக்கிறது. அந்தப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் பிறை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை ஒருமுறை காட்டினால் போதும், பிறகு படம் வரைந்து விளக்க வேண்டியதில்லை.

திதி என்பதையும் இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ளலாம். நிலவு சூரியனைவிட்டு 12 பாகை விலகுவதற்கு ஆகும் காலம் ஒரு திதி. ஒரு சுற்றுக்கு 360 பாகை, 30 திதி. நிலவு ஒரே வேகத்தில் போவதில்லை. அதன் பாதை நீள்வட்டம். பூமிக்கு அருகில் சுமார் 3,63,000 கிலோமீட்டரில் வரும்போது விரைந்தும், தொலைவில் சுமார் 4,05,000 கிலோமீட்டரில் போகும்போது தாமதித்தும் நகரும். ஆகவே ஒரு திதி சில நாளில் 20 மணி நேரத்திலும் சில நாளில் ஏறத்தாழ 27 மணி நேரத்திலும் முடிகிறது. திதி இப்படி 24 மணி நேர நாளோடு ஒத்துப்போகாததே நாட்காட்டியில் ஒரே நாளில் இரண்டு திதி அச்சாகியிருப்பதற்குக் காரணம்.

பௌர்ணமியன்று நிலவின் முகத்தைக் கவனியுங்கள். நாம் வடை சுடும் பாட்டி என்றும் முயல் என்றும் சொல்லிவந்த கரும்பகுதிகள், முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்த சமவெளிகள். 1969 ஜூலை 20-இல் அப்பல்லோ 11 இறங்கிய அமைதிக் கடலும் அவற்றில் ஒன்று. வெறும் கண்ணுக்கே அது கரும்பட்டையாகத் தெரியும். 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 இறங்கிய இடம் தென்துருவத்தை நோக்கி, தெற்கு அட்சரேகை 69 பாகையை ஒட்டியது. உதிக்கும்போது நிமிர்ந்திருக்கும் பாட்டி, மேற்கில் சாயும்போது ஏறக்குறைய தலைகீழாகிவிடுவாள். நிலவு நம் உச்சியைக் கடந்து போகிறது. நாம் திரும்பி நின்று பார்க்கிறோம். மாலை ஒரு படமும் விடியற்காலை ஒரு படமும் வரைந்து ஒப்பிட்டால் இது பிடிபடும்.

மூன்றாம் படி: திருவிழாவில் இருக்கும் நட்சத்திரம்

நிலவின் வழியில் 27 நட்சத்திரங்கள் என்று பெயர் அடுக்குவது எளிது. வானத்தில் காட்டச் சொன்னால் பலர் திகைப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கற்க வேண்டாம். நல்ல வெளிச்சமுள்ள சிலவற்றோடு தொடங்குங்கள். தை மாத இரவில் உச்சியை ஒட்டிச் சிறு கொத்தாகத் தெரிவது கார்த்திகை. அதற்குக் கிழக்கே செம்மஞ்சளாக ஒளிர்வது ரோகிணி. அதற்கும் கிழக்கே, மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கும் வேட்டைக்காரன் உருவத்தின் தோளில் சிவந்திருப்பது திருவாதிரை. மாசியில் கிழக்கே எழுவது மகம். சித்திரை, வைகாசி இரவுகளில் வெண்ணீலமாகச் சித்திரையும், அதற்கு வடக்கே பொன்னிறமாகச் சுவாதியும் நிற்கும். கேட்டை, விருச்சிகத்தின் நெஞ்சில் இருக்கும் சிவப்பு.

இவற்றைப் பிடித்துக்கொண்டால் நம் திருவிழாக்கள் வானத்தில் வரிசையாக நிற்பதைக் காணலாம். தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம், திருக்கார்த்திகை, மார்கழித் திருவாதிரை ஆகிய ஒவ்வொன்றும் முழுநிலவு எந்த நட்சத்திரத்தை ஒட்டி நிற்கிறது என்ற குறிப்பே. மாசிமகத்தன்று முழுநிலவுக்கு அருகே மகம் தெரிகிறதா என்று பாருங்கள். நிலவின் ஒளியில் மங்கித்தான் தெரியும், ஆனாலும் தெரியும். அந்த இரவில் நாட்காட்டியின் எழுத்து உங்களுக்கு வானமாக மாறிவிடும்.

நான்காம் படி: கோள்களைப் பிரித்தறிதல்

கோயிலில் நவக்கிரகங்களைச் சுற்றி வருகிறோம். அவற்றில் கண்ணுக்குத் தெரியும் கோள்கள் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்துதான். ஞாயிறு ஒரு விண்மீன். திங்கள் பூமியின் துணைக்கோள். ராகுவும் கேதுவும் பொருள்களே அல்ல, இரண்டு புள்ளிகள்; அவற்றைக் கிரகணத்தில் சந்திப்போம். யுரேனஸ் 1781-இலும் நெப்டியூன் 1846-இலும் தொலைநோக்கி வழியாகக் கண்டறியப்பட்டவை. தொடக்கக்காரர் அவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

கோள்கள் வானத்தில் கண்ட இடத்தில் திரிவதில்லை. ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகிய நான்கையும் ஒட்டி ஒரு வளைவுக் கோட்டை மனத்தில் இழுங்கள். அதுதான் சூரியனின் ஆண்டுப் பாதை. கோள்களும் நிலவும் அந்தத் தெருவில்தான் நடமாடுகின்றன. அந்தத் தெருவில் வரைபடத்தில் இல்லாத பிரகாசமான புள்ளி ஒன்று அதிகம் மினுக்காமல் நின்றால் அது கோள். மாதம் ஒருமுறை நிலவு ஒவ்வொரு கோளின் அருகாகவும் கடந்து போகும். அடையாளம் காண அதைவிட எளிய நாள் இல்லை.

வெள்ளி சூரியனைவிட்டு 47 பாகைக்கு மேல் விலகாது. ஆகவே மாலையில் மேற்கிலோ விடியலில் கிழக்கிலோதான் தெரியும். நள்ளிரவில் ஒருபோதும் உச்சிக்கு வராது. விடிவெள்ளியும் மாலையில் தெரியும் வெள்ளியும் ஒன்றே. புதன் 28 பாகைக்குள் அடங்கிவிடும். மறைந்த சூரியனுக்கு மேலே நாற்பது நிமிட இடைவெளியில் தேடிப் பிடிக்க வேண்டும். கண்மாயின் திறந்த மேற்குக் கரை இதற்கு ஏற்ற இடம்.

வியாழனுக்கும் சனிக்கும் நாம் ஏற்கெனவே ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். வியாழன் சூரியனைச் சுற்ற 11.9 ஆண்டு, பன்னிரண்டு ராசிக்குப் பங்கிட்டால் ராசிக்கு ஏறத்தாழ ஓராண்டு. அதனால் குருப்பெயர்ச்சி ஆண்டுக்கு ஒன்று. சனிக்கு 29.5 ஆண்டு, ராசிக்கு இரண்டரை ஆண்டு. அதனால் சனிப்பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒன்று. பலன் சொல்வது வேறு துறை. அதை நான் இங்கே தொடவில்லை. கோள் நிற்கும் இடம் மட்டும் எல்லோருக்கும் பொது, யாரும் மாடியேறிச் சரிபார்க்கலாம். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் பெயர்ச்சிக்கு வேறு வேறு தேதி சொல்வதுண்டு. வாக்கியம் பழைய சூத்திரங்களின்படியும், திருக்கணிதம் இன்றைய அவதானிப்போடு ஒத்துப்போகும் கணக்கின்படியும் செல்வதே வேறுபாட்டுக்குக் காரணம்.

பஞ்சாங்கத்தில் 'வக்கிரம்' என்று ஒரு சொல் வரும். கோள் பின்னோக்கி நகர்வது. இதைக் கண்ணால் பார்க்க நான்கு முதல் ஆறு மாதம் தேவை. வியாழனோ செவ்வாயோ இருக்கும் பகுதியின் நட்சத்திரங்களை நோட்டில் வரைந்து, வாரம் ஒருமுறை கோளின் இடத்தில் புள்ளி வையுங்கள். புள்ளிகள் கிழக்கே போய், தயங்கி, மேற்கே திரும்பி, மறுபடி கிழக்கே செல்லும். கோள் உண்மையில் திரும்புவதில்லை. திருச்சி சாலையில் நம் பேருந்து ஒரு லாரியை முந்தும்போது, தூரத்து மரங்களின் பின்னணியில் லாரி பின்னோக்கிப் போவதுபோல் தோன்றும் அல்லவா? பூமி உள்வட்டத்தில் வேகமாக ஓடி வெளிக்கோளை முந்தும் மாதங்களில் அதுவே நடக்கிறது. அந்த நடுநாளில் கோள் சூரியனுக்கு நேரெதிரே நின்று இரவு முழுவதும் தெரியும். அப்போதுதான் அது மிகப் பிரகாசமாகவும் இருக்கும். செவ்வாய்க்கு இது 26 மாதத்துக்கு ஒருமுறை. அடுத்தடுத்து 2027 பிப்ரவரியிலும் 2029 மார்ச்சிலும் வருகிறது. வியாழனுக்குச் சுமார் 13 மாதத்துக்கு ஒருமுறை.

இங்கே ஒரு வேண்டுகோள். செவ்வாய் நிலவளவு பெரிதாகத் தெரியப்போகிறது என்று ஆகஸ்ட் மாதந்தோறும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். 2003 ஆகஸ்ட் 27-இல் செவ்வாய் சுமார் 5.6 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கி வந்ததன் திரிந்த வடிவம் அது. அந்த நாளிலும் நிலவின் அகலத்தில் எழுபதில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் செவ்வாய் இருந்தது. அனுப்பியவருக்குப் பொறுமையாக இந்த எண்ணை எடுத்துச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: கருவி வாங்குவது

மூன்று மாதம் கண்ணால் பார்த்தபின் முதலில் வாங்க வேண்டியது 7×50 அல்லது 10×50 பைனாகுலர் (முதல் எண் பெருக்கம், இரண்டாவது முகப்பு ஆடியின் அகலம் மில்லிமீட்டரில்). நான் இதைத் தெரிந்துகொள்ளுமுன் ஒரு கடையில், பெட்டியின்மேல் 500 மடங்கு என்று அச்சிட்ட தொலைநோக்கியை வாங்கினேன். முக்காலி மூச்சுக் காற்றுக்கே ஆடியது. வியாழன் கட்டத்துக்குள் நுழைந்த வேகத்தில் வெளியே ஓடியது. அந்தக் கருவியால் ஓராண்டு வானத்தின் பக்கம் திரும்பாமல் இருந்தேன். பெருக்கத்தைவிட முகப்பு ஆடியின் அகலமும் தாங்கியின் உறுதியும்தான் முக்கியம்.

பைனாகுலரை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிப் பிடித்து, அஷ்டமி நிலவின் பிரிகோட்டைப் பாருங்கள். பௌர்ணமியைவிட அஷ்டமியில்தான் பள்ளங்கள் துலங்கும். அங்கே அப்போதுதான் பொழுது விடிந்து நிழல்கள் நீண்டு கிடக்கும். பிறகு வியாழனைப் பாருங்கள். கை ஆடாமல் இருந்தால் அதன் இரு பக்கமும் ஒரே கோட்டில் சிறு புள்ளிகள் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட நான்கு நிலவுகள் அவை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வரையுங்கள். உள்ளே இருக்கும் ஐயோ 42 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிப்பதால், ஒரே இரவில் இடம் மாறுவது தெரிந்துவிடும்.

சனியின் வளையம் பைனாகுலரில் தெரியாது. 60 அல்லது 70 மில்லிமீட்டர் தொலைநோக்கியும் 30 மடங்குப் பெருக்கமும் வேண்டும். 2025 மார்ச்சில் வளையம் நம்மை நோக்கி விளிம்பாகத் திரும்பிக் கோடாக மெலிந்தது. இப்போதிருந்து ஆண்டுக்கு ஆண்டு விரிந்து 2032-ஐ ஒட்டி முழுமையாக அகலும். ஆர்வம் நிலைத்துவிட்டது என்று உறுதியானபின் 150 மில்லிமீட்டர் டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி (தரையில் வைக்கும் எளிய தாங்கி கொண்டது) வாங்கலாம். வாங்குமுன் திருச்சி விமான நிலையத்துக்கு அருகே புதுக்கோட்டைச் சாலையில் உள்ள அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போவது நல்லது. கொடைக்கானலில் 1899 முதல் இயங்கும் சூரிய ஆய்வகமும், ஜவ்வாது மலைக் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ள வைணு பாப்பு வானாய்வகமும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன.

ஆறாம் படி: கிரகணமும் எரிமீன்களும்

ஒவ்வொரு பௌர்ணமியிலும் ஏன் சந்திர கிரகணம் இல்லை? ஒரு தேங்காயைப் பூமி என்று கொள்ளுங்கள், 12 செண்டிமீட்டர். அந்த அளவில் நிலவு பெரிய நெல்லிக்காய். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் வைக்க வேண்டும் என்று பிள்ளைகளைக் கேட்டால் ஒரு முழம் என்பார்கள். உண்மையில் 12 அடி, அதாவது 3.6 மீட்டர். வளவில் ஒரு தூணருகே தேங்காயை வைத்து 12 அடி அளந்து நெல்லிக்காயைப் பிடியுங்கள். அவ்வளவு தூரத்தில் தேங்காயின் கருநிழல் 9 செண்டிமீட்டர் அகலமே இருக்கும். நிலவின் பாதை 5 பாகை சாய்ந்திருப்பதால், நெல்லிக்காய் ஒரு சாண் நீளத்துக்கும் மேலாக ஏறியும் இறங்கியும் போகும். பெரும்பாலான மாதங்களில் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ தப்பிவிடும். சாய்ந்த பாதை சூரியப் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகளில்தான் சிக்கும். அந்தப் புள்ளிகளே ராகுவும் கேதுவும், அவை 18.6 ஆண்டில் பின்னோக்கி ஒரு சுற்று வருகின்றன. நிலவைப் பூமியின் நிழல் மறைக்கிறது, சூரியனை நிலவு மறைக்கிறது என்று கி.பி. 499-இலேயே ஆரியபட்டர் எழுதிவைத்துவிட்டார்.

சூரிய கிரகணத்தில் கண்ணைக் காப்பதே முதல் வேலை. எக்ஸ்ரே பிலிம், புகையேற்றிய கண்ணாடி, தாம்பாளத்து மஞ்சள் நீரில் தெரியும் பிம்பம் எதுவும் பாதுகாப்பு அல்ல. ஐஎஸ்ஓ 12312-2 தரக் குறியுள்ள கிரகணக் கண்ணாடி மட்டுமே போடலாம். அதையும் பைனாகுலரோடு சேர்த்து ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது. கண்ணாடி இல்லாதவருக்குப் பூந்திக் கரண்டி இருக்கிறது. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று கரண்டியை வெயிலில் பிடித்தால், ஒவ்வொரு துளையும் தரையில் ஒரு குட்டிச் சூரியனை வரையும். 2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணியளவில் வளையக் கிரகணத்தின் பாதை கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளின் மேலாகச் சென்றது. நடுக்கோடு காரைக்குடியை ஒட்டிப் போனது. மேகம் விட்ட இடைவெளியில் எங்கள் வீட்டு ஆத்தங்குடிக் கல் தளத்தின் சிவப்புப் பூவின்மேல், கரண்டியின் துளைக்கு ஒன்றாக, நடுவில் ஓட்டை விழுந்த வளையல்கள் வரிசையாக விழுந்தன. கை நடுங்கியபோது வளையல்களும் நடுங்கின. மூன்று நிமிடத்தில் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் உடைந்து பிறையாகிவிட்டது. அடுத்த வளையக் கிரகணம் தென் தமிழகத்தின் மேல் வருவது 2031 மே 21.

கிரகணத்தின்போது உலக்கை தாம்பாளத்தில் தானாக நிற்கும் என்பார்கள். சித்திரையில் நிழல் பார்க்க உலக்கையை நிறுத்தியவருக்கு, அது எந்த நாளிலும் நிற்கும் என்பது தெரியும்.

எரிமீன்களுக்கு டிசம்பர் 13, 14 இரவுகள். மிதுனத்திலிருந்து சிதறுவதுபோல் தெரியும் இவை ஃபேத்தன் என்னும் சிறுகோள் விட்டுச்சென்ற துகள்கள். மழைக்காலத்தின் வால் என்பதால் மேகம் இருக்கலாம். தெளிந்திருந்தால் பாயை விரித்து மல்லாந்து படுத்து, பின்னிரவு இரண்டு மணியை ஒட்டி உச்சியைப் பாருங்கள். கருவி எதுவும் வேண்டாம்.

கடைசியாக, இப்போதே குறித்துவைக்க வேண்டிய ஒரு தேதி: 2028 டிசம்பர் 31, முழு சந்திர கிரகணம். இரவு எட்டரை மணிக்குப் பின் நிலவின் விளிம்பில் நிழல் ஏறத் தொடங்கும், 10.22 மணியளவில் நடுக் கிரகணம். முழு மறைவு ஏறத்தாழ 71 நிமிடம் நீடிக்கும். சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் எவ்வளவு நேரம் பார்த்தாலும் கண்ணுக்குக் கேடில்லை. நிழல் தொட்ட நேரத்தையும், நிலவு முழுதும் சிவந்த நேரத்தையும், நிறம் செங்கல்லா, செம்பா, கருஞ்சிவப்பா என்பதையும் எழுதுங்கள். நிழலின் விளிம்பு வளைந்திருப்பதை வரையுங்கள். அது பூமியின் உருவம். முழுநிலவின் ஒளி அடங்கியதும், அதுவரை மறைந்திருந்த நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். அன்று நிலவு நிற்பது திருவாதிரையில். வேட்டைக்காரனின் சிவந்த தோளும் சிவந்த நிலவும் கிழக்கு வானில் அருகருகே இருக்கும். நிழல் முழுதும் விலகும்போது நள்ளிரவு ஆகியிருக்கும், 2029 பிறந்திருக்கும்.